ஹினோயெ உமா: 2026 ஜூனில் எங்களுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது, பயப்பட வேண்டுமா?

கேள்வி, 23 டிசம்பர் 2025

அண்ணா, நாங்கள் ஜப்பானில் கவாசாகியில் இருக்கிறோம். மனைவிக்கு ஜூனில் பிரசவம். ஆபீஸில் ரிட்டயர் ஆகப்போகிற ஒரு பெரியவரிடம் சொன்னேன். "ஜூனா? அப்போ ஹினோயெ உமா" என்றவர் சட்டென்று பேச்சை மாற்றிவிட்டார். நெட்டில் தேடினால், 1966 குதிரை வருஷம் என்பதால் ஜப்பான்காரர்கள் குழந்தையே பெற்றுக்கொள்ளவில்லை என்று போட்டிருக்கிறது. மனைவியும் அதைப் படித்துவிட்டாள். குதிரை ராசிக்கு அப்படி என்னதான் பிரச்சினை?

23 டிசம்பர், இரவு

தம்பி, முதலில் வாழ்த்துகள். குதிரைக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. வருஷத்துக்கு ஒன்றாகச் சுற்றி வரும் 12 விலங்குகளில் ஏழாவதாக வருவது குதிரை. 1990, 2002, 2014 எல்லாமே குதிரை வருஷங்கள்தான், ஜப்பானில் யாரும் அவற்றைக் கண்டு பயப்படவில்லை. அவர் சொன்னது 60 வருஷத்துக்கு ஒருமுறை வரும் நெருப்புக் குதிரையை. 1906, 1966, இப்போது 2026.

"குழந்தையே பெற்றுக்கொள்ளவில்லை" என்பது தவறு. 1965-ல் பிறந்தவர்கள் 18,23,697 பேர், 1966-ல் 13,60,974 பேர், 1967-ல் 19,35,647 பேர். ஒரே வருஷத்தில் கால்வாசி குறைந்து அடுத்த வருஷமே முன்னைவிட மேலே போய்விட்டது. போர் கிடையாது, பஞ்சம் கிடையாது, கொள்ளைநோய் கிடையாது. மக்கள்தொகை படிக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பள்ளம் அது. ஆனால் அந்தப் பதின்மூன்றரை லட்சம் வீடுகளில் குழந்தை பிறந்திருக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை.

மற்றதை நாளை எழுதுகிறேன். அதற்குள் மனைவியிடம் இந்த எண்களைக் காட்டுங்கள்.

24 டிசம்பர்

கணக்கு இதுதான். சீனாவிலிருந்து வந்த முறைப்படி பத்து தண்டுகள், பன்னிரண்டு கிளைகள் (கிளைகள்தான் அந்த 12 விலங்குகள்), இரண்டும் சேர்ந்து சுழன்றால் 60 வருஷம். தண்டுகளை மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்று ஐந்து தத்துவங்களுக்கு இரண்டிரண்டாகப் பிரிக்கிறார்கள். ஹினோயெ என்பது நெருப்பின் மூத்த பங்கு. குதிரையும் அந்தக் கணக்கில் நெருப்புதான்: அதன் நேரம் உச்சிவெயில், பகல் 11 முதல் 1 வரை, அதன் திசை தெற்கு. நெருப்பின்மேல் நெருப்பு விழுகிற வருஷம் என்று இதைப் பார்க்கிறார்கள்.

நமக்கும் 60 வருஷச் சுழற்சி உண்டல்லவா, அதனால் ஞாபகம் வைத்துக்கொள்வது எளிது. 2026 ஏப்ரலில் பிறக்கும் பராபவ வருஷம்தான் 1966-லும் 1906-லும் வந்தது. இரண்டும் 60 என்பதால் என்றைக்கும் ஒன்றாகவே வரும். வேறு சம்பந்தம் எதையும் தேட வேண்டாம்.

இன்னொன்று, ஜப்பானில் விலங்கு மாறுவது ஜனவரி 1-ல். சீனர்களைப் போல பிப்ரவரி வரை காத்திருப்பதில்லை. 1873-ல் நாள்காட்டியையே மாற்றிவிட்டார்கள், புத்தாண்டும் அதோடு நகர்ந்துவிட்டது. அதனால் நெங்காஜோ என்கிற புத்தாண்டு அட்டையில் இந்த வாரமே எல்லாத் தபால் நிலையத்திலும் குதிரை ஓடிக்கொண்டிருக்கிறது.

26 டிசம்பர்

"சீனாவிலும் இந்தப் பயம் உண்டா" என்று கேட்டிருந்தார்கள். உண்டு, ஆனால் வேறு மாதிரி. நெருப்புக் குதிரை வருஷமும் அதற்கடுத்த நெருப்பு ஆட்டு வருஷமும் அரசாங்கத்துக்கு ஆகாதவை என்பது அங்கே பழைய பேச்சு. 1126-ல் எதிரிப் படை தலைநகரை முற்றுகையிட்டது, 1127-ல் வடக்கு சோங் அரசு வீழ்ந்தது, அவை அந்த இரண்டு வருஷங்களேதான். ராஜாவுக்கு வந்த கெட்ட சகுனம் அது. ஜப்பானுக்கு வந்தபோது முதலில் தீவிபத்து அதிகம் நடக்கும் வருஷம் என்றானது, அப்புறம் எடோ காலத்தில் (1603-1868) அது பெண்ணின் தலையில் இறங்கியது. அந்த வருஷம் பிறந்தவள் அடங்கமாட்டாள், கணவனின் ஆயுளைக் குறைப்பாள். அதே வருஷம் பிறந்த ஆணைப் பற்றிப் பேச்சே இல்லை.

எப்படி இறங்கியது என்றால் எல்லோரும் காட்டுவது ஓஷிச்சியை. எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், ஒரு காய்கறிக் கடைக்காரரின் மகள். 1682 கடைசியில் வந்த பெரும் தீயில் வீடு போய், குடும்பம் ஒரு கோவிலில் தங்குகிறது, அங்கே இருந்த ஓர் இளைஞன்மேல் அவளுக்குக் காதல். வீடு கட்டித் திரும்பியபின் அவனைப் பார்க்க வழியில்லை. மறுபடி தீப்பிடித்தால் மறுபடி கோவிலுக்குப் போகலாம் என்று தன் கையால் தீ வைக்கிறாள். பெரிதாகப் பரவவில்லை. ஆனால் மரவீடுகளால் ஆன ஊரில் தீ வைப்பதற்குத் தண்டனை எரித்துக் கொல்வது. 1683-ல் சுசுகாமோரி கொலைக்களத்தில் எரித்தார்கள்.

அந்த இடம் இப்போது ஷினகாவா வார்டில், பெரிய சாலை ஒன்றின் ஓரத்தில் இருக்கிறது. ஓமோரிகைகான் ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் வந்துவிடும். மரங்களுக்குக் கீழே நடுவில் துளை போட்ட ஒரு கல், கம்பத்தை நட்டு ஆளைக் கட்டுவதற்கு. பக்கத்தில் இருக்கும் பலகையில் ஓஷிச்சியின் பெயர் எழுதியிருக்கிறது. துளையில் மழைநீர் தேங்கியிருந்தது, யாரோ சில்லறைக் காசுகள் போட்டிருந்தார்கள். பின்னால் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. அவ்வளவு சின்னப் பெண்ணுக்கு என்று நினைத்து எனக்கு அங்கே வெகுநேரம் நிற்க முடியவில்லை.

கதையை எழுத்தில் பரப்பியவர் இஹாரா சைகாகு என்ற எழுத்தாளர், 1686-ல், அவள் செத்து மூன்று வருஷத்துக்குள். அப்புறம் பொம்மலாட்டம், கபுகி நாடகம் எல்லாம் எடுத்துக்கொண்டன. மேடையில் அவள் தீ வைப்பதில்லை. இரவில் ஊர்க்கதவுகள் மூடிவிடும், தீ என்று மணி அடித்தால்தான் திறப்பார்கள், பொய்யாக அடித்தால் தண்டனை. அது தெரிந்தே அவள் பனியில் தீக்கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறி மணி அடிக்கிறாள். ஒசாகாவில் பொம்மலாட்டமாகப் பார்த்திருக்கிறேன். ஆட்டுகிறவர்கள் கோபுரத்துக்குப் பின்னால் மறைந்துகொள்வார்கள், பொம்மை தனியாக ஏணியில் ஏறுவதுபோலத் தெரியும், அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

27 டிசம்பர்

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு "அப்போ ஓஷிச்சி 1666 ஹினோயெ உமாவில் பிறந்தவளா" என்று ஒருவர் கேட்டார். அப்படித்தான் சொல்கிறார்கள், ஆனால் கணக்கு உதைக்கிறது. சைகாகு அவளுக்கு வயது 16 என்கிறார். அந்தக் காலத்து எண்ணிக்கையில் பிறந்தவுடனே ஒரு வயது, ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒன்று கூடும். 1683-ல் 16 என்றால் பிறந்தது 1668, அது குரங்கு வருஷம். 1666-ல் பிறந்திருந்தால் 18 ஆகியிருக்க வேண்டும்.

அதாவது நெருப்பு, அடங்காத பெண், காதல் எல்லாம் ஓரிடத்தில் கிடைத்ததும் பின்னால் வந்தவர்கள் குதிரையையும் அவள்மேல் ஏற்றிவிட்டார்கள். இந்த ஒரு கூட்டல் கழித்தலை 300 வருஷத்தில் எத்தனையோ பேர் போட்டுப் பார்த்திருப்பார்கள். இருந்தும் நம்பிக்கை நின்றது.

30 டிசம்பர்

மேலே "வேடிக்கையான நாடு, ஒரு நாடே ஜோசியத்துக்குப் பயந்தது" என்ற ரீதியில் சிலர் எழுதியிருக்கிறார்கள். அதைத்தான் நான் மறுக்க விரும்புகிறேன். 1966-ஐ வேடிக்கையாகப் பார்க்கிறவர்கள் 1906-ஐப் பார்ப்பதில்லை.

1906-ல் மொத்தப் பிறப்பு அவ்வளவாகக் குறையவில்லை. ஆனால் பதிவேட்டில் பெண் குழந்தைகள் மட்டும் வழக்கத்தைவிடக் குறைவு, முன்வருஷத்திலும் பின்வருஷத்திலும் வழக்கத்தைவிட அதிகம். பெரும்பாலும் என்ன செய்திருக்கிறார்கள் என்று புரிகிறதா? பெண் பிறந்தால் பிறந்த தேதியை மாற்றி எழுதியிருக்கிறார்கள். ஆண் பிறந்தால் உள்ளபடி.

அப்படி மாற்றாமல் விட்ட பெண்கள் 1920-களில் கல்யாண வயதுக்கு வந்தார்கள். வரன் வந்து, பிறந்த வருஷம் தெரிந்ததும் திரும்பிப் போனது. கல்யாணம் தட்டிப்போய் உயிரை விட்ட பெண்களைப் பற்றி அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் செய்தி வந்திருக்கிறது. அவர்களுக்குப் பொம்மலாட்டம் எழுத யாரும் வரவில்லை.

1966-ல் குழந்தை பெறும் வயதில் இருந்தவர்களின் அத்தைகள், பெரியம்மாக்கள், மாமியார்கள் அந்தத் தலைமுறை. 1906-ல் பிறந்தவருக்கே அப்போது 60 வயதுதான். எனவே 1966-ல் தம்பதிகள் பயந்தது குதிரைக்கு அல்ல என்று நினைக்கிறேன். நமக்கு நம்பிக்கை இல்லை, சரி, ஆனால் 20 வருஷம் கழித்துப் பெண் கேட்டு வரும் வீட்டில் ஒரு பாட்டி நம்பினால் போதுமே, நம் பெண்ணை ஏன் அந்த இடத்தில் நிறுத்த வேண்டும், அடுத்த வருஷம் பெற்றுக்கொள்ளலாம். ஒவ்வொருவரும் அடுத்தவர் நம்பிக்கையை எண்ணிப் பயந்தார்கள். முட்டாள்தனம் என்று இதைத் தள்ளிவிட என்னால் முடியவில்லை, பெண்ணைப் பெற்றவர்களின் பயம் அது.

3 ஜனவரி 2026

நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரம்மா 1966-ல் பிறந்தவர். புத்தாண்டுக்கு மொச்சி என்கிற அரிசிப் பலகாரம் கொண்டுவந்து கொடுத்தார், தைரியம் வந்து கேட்டேன். சிரித்தார். அவர் பிறந்தது டிசம்பர் கடைசி வாரம். பிறப்பைப் பதிய 14 நாள் அவகாசம் உண்டு, ஜனவரியில் பிறந்ததாக எழுதிவிடலாம் என்று பாட்டி பிடிவாதம் பிடித்தாராம். அம்மா சம்மதிக்கவில்லை. "பெற்றவள் நான், எனக்குத் தெரியும் என்றைக்குப் பிறந்தாள் என்று" என்பது அம்மா சொன்ன பதில். பாட்டி கொஞ்ச காலம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பள்ளியில் எப்படி இருந்தது என்று கேட்டேன். மேல் வகுப்பிலும் கீழ் வகுப்பிலும் அவர்களைவிட ஒரு பிரிவு கூடுதலாக இருக்குமாம், இவர்கள் வகுப்பில் மட்டும் இடம் தாராளம், விளையாட்டு விழாவில் எல்லோருக்கும் ஓட வாய்ப்பு. இங்கே கல்வியாண்டு ஏப்ரல் 2-ல் தொடங்கி அடுத்த ஏப்ரல் 1 வரை பிறந்தவர்களுக்கு. அதனால் வருஷம் முடியட்டும் என்று காத்திருந்து 1967 ஜனவரி, பிப்ரவரியில் பெற்றவர்களின் பிள்ளைகளும் அதே வகுப்பில்தான் வந்து உட்கார்ந்தார்கள்.

கல்யாணத்தின்போது யாராவது ஏதாவது சொன்னார்களா என்றதற்கு, மாமனார் ஒருமுறை குடித்துவிட்டு "நெருப்புக் குதிரை வந்திருக்கிறது" என்றாராம், மாமியார் அவரை ஒரு பார்வை பார்த்தாராம், அதோடு முடிந்தது.

4 ஜனவரி

"1966-ல் கலைத்தே தீர்த்திருப்பார்கள்" என்று ஒரு பதில் வந்திருக்கிறது. ஜப்பானில் 1948 சட்டத்தால் கருக்கலைப்புக்கு வழி இருந்தது உண்மை, எண்ணிக்கையும் பெரிதுதான். ஆனால் அரசிடம் பதிவான கருக்கலைப்புகள் 1966-லும் முந்தைய வருஷத்தைவிடக் குறைந்தன. பெரும்பாலானவர்கள் கருத்தரிப்பதையே தள்ளிப்போட்டிருக்கிறார்கள். மாத்திரைகூட இல்லாத காலம், குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரைக்கு இங்கே அனுமதி கிடைத்தது 1999-ல்தான். ஆணுறையையும் நாள்கணக்கையும் வைத்துக்கொண்டு ஒரு நாட்டின் பிறப்பைக் கால்வாசி குறைத்தார்கள் என்றால் எவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்க வேண்டும்!

4 ஜனவரி, கொஞ்ச நேரம் கழித்து

மேலே எழுதியதும் தென்கொரியா ஞாபகம் வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்கே 1990 வெள்ளைக் குதிரை வருஷம், அதில் பிறக்கும் பெண் முரட்டுத்தனமாக இருப்பாள் என்று பேச்சு. அந்த வருஷம் கொரியாவில் 100 பெண் குழந்தைகளுக்கு 116.5 ஆண் குழந்தைகள் பிறந்தன. ஆண் பிள்ளை மோகம் ஏற்கெனவே உச்சத்தில் இருந்தது, குதிரை அதன்மேல் ஏறிக்கொண்டது.

1966 ஜப்பானில் வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்க்க வழியில்லை, அதனால் ஆணையும் சேர்த்தே தவிர்த்தார்கள். 1990 கொரியாவில் ஸ்கேன் வந்துவிட்டது, பெண்ணை மட்டும் தவிர்த்தார்கள். நம்பிக்கை கிட்டத்தட்ட அதேதான், கையில் இருந்த கருவிதான் வேறு. 1966-ஐப் பழங்கால மூடநம்பிக்கை என்று சொல்லிச் சிரிப்பவர்கள் 1990-ஐயும் யோசிக்க வேண்டும்.

9 ஜனவரி

ஒரு சின்னத் தகவல். ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகள் 1966-ல் 1.58. அதற்குக் கீழே போகவே போகாது என்று நினைத்திருந்தார்கள். 1989-ல் 1.57. எந்தக் குதிரையும் இல்லாத வருஷம், எண் வெளியானது 1990 ஜூனில், நாடே அதிர்ந்தது. அதே ஜூன் 29-ல் இளவரசர் அகிஷினோவுக்குக் கல்யாணம் நடந்தது. மணப்பெண் கிகோ பிறந்தது 1966 செப்டம்பர் 11. நெருப்புக் குதிரை வருஷத்துப் பெண் அரச குடும்பத்துக்கு மருமகளாகப் போனார், 2006-ல் அவருக்குப் பிறந்த ஹிசாஹிதோதான் அந்தக் குடும்பத்தில் 41 வருஷங்களுக்குப் பிறகு பிறந்த ஆண் வாரிசு. ஆயிரம் விழிப்புணர்வுக் கூட்டத்தைவிட அந்தக் கல்யாணம் அதிகம் செய்திருக்கும் என்பது என் எண்ணம்.

கூட்டங்களும் நடந்தன, சொல்லாமல் விடக்கூடாது. குன்மா மாகாணத்தில் ஒரு கிராமம் 1966-க்கு முன்பே மூடநம்பிக்கையை விரட்டுவோம் என்று அறிவித்து வீடுவீடாகப் பேசியது. ஆனால் பத்திரிகைகளும் டிவியும் ஹினோயெ உமா, ஹினோயெ உமா என்று பேசப்பேச, அந்தப் பெயரே தெரியாதவர்களுக்கும் தெரிந்துபோனது.

1 பிப்ரவரி

இன்று ஹட்சு உமா, பிப்ரவரியின் முதல் குதிரை நாள். நாட்களுக்கும் 12 விலங்குகள் உண்டு. 711-ல் இப்படி ஒரு குதிரை நாளில்தான் இனாரி தெய்வம் கியோத்தோ மலையில் இறங்கியது என்பது ஃபுஷிமி இனாரி கோவிலின் வரலாறு. இன்றைக்கு நாடு முழுக்க இனாரி கோவில்களில் கூட்டம், வீட்டில் இனாரி சூஷி. எண்ணெயில் பொரித்த டோஃபுப் பைக்குள் இனிப்பும் புளிப்புமாகச் சோறு அடைத்தது, நம் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும், மீன் கிடையாது என்றாலும் ஊறவைக்கும் சாற்றில் மீன் சேர்ப்பார்கள், சைவக்காரர்கள் கேட்டு வாங்குங்கள்.

குதிரையைச் சுற்றி இந்த நாட்டில் இருப்பதெல்லாம் பெரும்பாலும் நல்லதுதான். கிபுனே கோவிலில் மழை வேண்டினால் கறுப்புக் குதிரை, மழை நிற்க வேண்டினால் வெள்ளைக் குதிரை காணிக்கையாகக் கொடுத்திருக்கிறார்கள். உயிருள்ள குதிரைக்கு வசதி இல்லாதவர்கள் மரப்பலகையில் வரைந்து கொடுத்தார்கள், இன்று எல்லாக் கோவிலிலும் வேண்டுதல் எழுதித் தொங்கவிடும் எமா அதிலிருந்து வந்தது. ஜூனில் இவாத்தே மாகாணத்தில் குதிரைகளுக்கு நிறைய மணிகள் கட்டி, பட்டு உடுத்தி, மேலே குழந்தைகளை உட்காரவைத்து மொரியோகா வரை ஊர்வலம் போவார்கள், வயலில் உழைத்ததற்கு நன்றியாக. எங்கள் பக்கத்துக் கோவிலில் இன்று பார்த்த எமாக்களில் ஒன்றில், குதிரைப் படத்துக்குக் கீழே பேனாவால் "செப்டம்பரில் நல்லபடியாகப் பிறக்கட்டும்" என்று எழுதியிருந்தது. குதிரை வருஷத்தில் பிறக்கப்போகும் குழந்தைக்குக் குதிரையிடமே வேண்டியிருக்கிறார்கள்.

2 பிப்ரவரி

கேள்வி கேட்ட தம்பிக்கு. மனைவி இப்போது பரவாயில்லை என்று எழுதியிருந்தீர்கள், சந்தோஷம்.

"2026-லும் குறையுமா" என்று கேட்டிருக்கிறீர்கள். 2024-ல் ஜப்பானியர்களுக்குப் பிறந்த குழந்தைகள் சுமார் 6,86,000. பயந்து பயந்து பெற்ற 1966-ல் பாதிதான். இப்போது முதல் குழந்தை பெறும் தாயின் சராசரி வயது 31. 31 வயதில் ஒரு வருஷம் தள்ளிப்போடுவது 1966-ல் தள்ளிப்போட்டதுபோல அவ்வளவு எளிதல்ல. பெரியவர்கள் பார்த்து முடிக்கும் கல்யாணமும் மிகக் குறைந்துவிட்டது, பிறந்த வருஷத்தைப் பார்த்து வரன் திரும்பிப்போக வரன் கொண்டுவருகிறவரே இல்லை. என் கணிப்பு, எண்ணிக்கை குறைந்தால் குதிரை காரணமாக இருக்காது: வாடகை, வேலை நேரம், குழந்தைக் காப்பகம், தாமதமான கல்யாணம், இவைதான்.

உங்கள் ஆபீஸ் பெரியவரைப் பற்றியும் யோசித்தேன். ரிட்டயர் ஆகும் வயது என்றால் 1960-களின் தொடக்கத்தில் பிறந்தவர். 1966-ல் அவர் வீட்டிலேயே பெரியவர்கள் குசுகுசுவென்று பேசியதைக் கேட்டு வளர்ந்திருப்பார், தங்கையோ தம்பியோ ஒரு வருஷம் தள்ளிப் பிறந்திருக்கலாம். வாய்தவறி வந்துவிட்டது, கர்ப்பிணி மனைவி உள்ளவரிடம் சொல்லிவிட்டோமே என்று சங்கடப்பட்டிருப்பார். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மதியம் சாப்பிடும்போது நீங்களே பேச்சை எடுங்கள், அவர் வீட்டில் அப்போது என்ன பேசினார்கள் என்று கேளுங்கள், நிச்சயம் சொல்வார்.

வார்டு ஆபீஸில் கொடுத்த போஷி டெச்சோவை, அதாவது தாய்-சேய் கையேட்டை, மனைவி எப்போதும் பையில் வைத்திருக்கட்டும். அதோடு தரும், கர்ப்பிணி என்று காட்டும் மெட்டர்னிட்டி மார்க்கையும் பையில் வெளியே தெரிய மாட்டச் சொல்லுங்கள், ரயிலில் இடம் கொடுப்பார்கள். பிரசவம் ஆனதும் 14 நாளுக்குள் வார்டு ஆபீஸில் பிறப்புப் பதிவு, 30 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்தில் குழந்தையின் வசிப்புரிமை விண்ணப்பம், இந்தியத் தூதரகத்தில் பிறப்புப் பதிவும் பாஸ்போர்ட்டும். இந்த 30 நாளைத்தான் நம் ஆட்கள் பலர் கோட்டைவிடுகிறார்கள், பாஸ்போர்ட் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், அது வரும் முன்பே விண்ணப்பிக்கலாம்.